படலையடியில் கதைப்பதைக் கூட்டத்திலேயே கதைக்க வைப்பது எப்படி

எங்கள் ஊர்ச் சனசமூக நிலையத்துக்குப் பின்னால் ஒரு சீமெந்து மேடை இருக்கிறது. வெளிநாட்டில் இருக்கிற ஊர்க்காரர் அனுப்பின காசில் கட்டினது. அதன் ஒரு மூலை ஒரு சாண் இறங்கிப்போய், நடுவில் வெடிப்பு ஓடி, வெடிப்புக்குள் குப்பைமேனி முளைத்திருக்கிறது. கட்டின வருசத்து மாரியிலேயே இறங்கிவிட்டது.

அதற்கு இடம் பார்த்த கூட்டத்தில் நானும் இருந்தேன். இருந்தேன் என்ன, செயலாளரே நான்தான். பிளாஸ்டிக் கதிரை, பிளேன் ரீ, பருத்தித்துறை வடை, பதினேழு பேர். தலைவர் ஓய்வுபெற்ற அதிபர், நல்ல மனிசன். ஜன்னலால் கையை நீட்டி, "இஞ்சதான் சரி, என்ன?" என்று கேட்டார். பதினேழு தலையும் ஆடியது. நான் அறிக்கைப் புத்தகத்தில் "ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று எழுதினேன். கூட்டம் முடிந்து படலையடிக்கு வந்தால், மேசன் வேலைக்குக் கைகொடுக்கப் போகிற ஒரு பெடியன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

"அண்ணை, அந்த மூலையில முந்தி கிடங்கு ஒண்டு இருந்தது. தூர்த்த மண்தான் அது. மாரிக்கு முழங்காலளவு தண்ணி நிக்கும்."

"உள்ளுக்கை ஏனடா சொல்லேல்லை?"

"பெரியாக்கள் முடிவெடுத்திட்டினம். நான் என்னத்தைச் சொல்லுறது?"

அவன் போய்விட்டான். நானும் வீட்டுக்குப் போய்விட்டேன். அதுதான் இந்தக் கதையில் எனக்கு இன்றைக்கும் கூசுகிற இடம். அவனாவது வாய் திறந்து எனக்குச் சொன்னான், நான் யாருக்கும் சொல்லவில்லை.

பகலில் நான் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு சின்ன மென்பொருள் கந்தோரில் வேலை செய்கிறேன். அங்கே அதிபரும் இல்லை, போஷகரும் இல்லை, எல்லாரும் முப்பது வயதுக்குள். ஆனால் வியாதி அதேதான். கூட்டத்தில் "ஓம் ஓம்", வெளியே தேத்தண்ணிக் கடையில் "இது சரிவராது மச்சான்". ஆக, உண்மையான கூட்டம் எப்போதும் படலையடியில்தான் நடக்கிறது. உள்ளே நடப்பது அதற்கு முன்னான சடங்கு. ஒரு குழுவில் எத்தனை கெட்டிக்காரர் இருக்கிறார்கள் என்பதைவிட, அந்தப் படலையடிக் கதையில் எவ்வளவு உள்ளே வருகிறது என்பதுதான் பெரிய விசயம் என்று நான் நினைக்கிறேன். அதை உள்ளே கொண்டுவர இரண்டு இடத்திலும் செய்து பார்த்ததைக் கீழே எழுதுகிறேன். எல்லாம் பலித்தது என்று சொல்லமாட்டேன்.

முதலில் தலையை எண்ணுங்கள்

எங்கள் நிர்வாகசபையில் தலைவர், உபதலைவர் இருவர், செயலாளர், உபசெயலாளர், பொருளாளர், கணக்காய்வாளர், போஷகர்கள், அதற்குமேல் உறுப்பினர். ஒருவரையும் நோகக்கூடாது என்று கூட்டிக்கொண்டு போனதில் இருபத்தொன்று வந்துவிட்டது. கணக்கைப் பாருங்கள். ஐந்து பேர் என்றால் ஒருவரோடு ஒருவர் கதைக்க 10 சோடி. ஏழு பேருக்கு 21. இருபத்தொரு பேருக்கு 210. 210 சோடிக்கும் ஒரே விசயம் ஒரே மாதிரி விளங்கியிருக்க வேண்டும் என்றால் அது நடக்கிற காரியமா?

அப்பப்பா துலா மிதித்த காலத்தைப் பற்றிச் சொல்வார். துலாவில் ஏறி நடக்கிறவர் ஒருவர், கிணற்றடியில் பட்டை பிடிக்கிறவர் ஒருவர், தோட்டத்துக்குள் பாத்தி பாத்தியாய்த் தண்ணி மாறுகிறவர் ஒருவர். ஒருவர் நிறுத்தினால் மற்றவர் சும்மா நிற்க வேண்டியதுதான், ஆகவே யார் என்ன செய்கிறார் என்று கேட்கத் தேவையே இல்லை. நான் சபையைக் கலைக்கச் சொல்லவில்லை (கலைத்துப் பாருங்கள், ஊரில் இருக்க ஏலாது). சபை அப்படியே இருக்கட்டும். ஒவ்வொரு அலுவலுக்கும் அதற்குள்ளிருந்து நாலைந்து பேரை எடுத்து, யோசிக்கிற வேலையை அவர்களிடம் விடுங்கள். அவர்கள் ஒரு முடிவோடு வந்தபிறகு சபை தலையாட்டட்டும்.

கந்தோரிலும் இதேதான். ஒரு வேலை பிந்திப்போனால் முதலாளிக்கு உடனே வருகிற யோசனை, இன்னும் இரண்டு பேரைப் போடுவோம் என்பது. பிந்தின மென்பொருள் வேலைக்கு ஆள் சேர்த்தால் அது இன்னும் பிந்தும் என்று பிரெட் புரூக்ஸ் என்ற கணினி விஞ்ஞானி 1975இலேயே எழுதிவிட்டார். புதிதாக வந்தவருக்கு விளங்கப்படுத்தப் போகிறது யார்? ஏற்கெனவே தலைக்கு மேல் வேலையோடு இருக்கிற பழைய ஆள்தான்.

பெரியவர் கடைசியில் கதைக்க வேண்டும்

இதை நடைமுறைக்குக் கொண்டுவர எனக்கு ஒரு வருசம் பிடித்தது. பலன் தந்ததும் இதுதான், அதனால் கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

எங்கள் வழக்கம் என்ன? தலைவர் வரவேற்றுப் பேசும்போதே தன் அபிப்பிராயத்தையும் சொல்லிவிடுவார். அதற்குப் பிறகு வாய் திறப்பவர் விசயத்தைப் பற்றிக் கதைக்கவில்லை, தலைவரோடு ஒத்துப்போவதா எதிர்ப்பதா என்பதைத்தான் கதைக்கிறார். நாற்பது வருசம் வாத்தியாராக இருந்தவரை, அவரிடமே அடி வாங்கிப் படித்தவன் எப்படி எதிர்ப்பான்?

சொலமன் ஆஷ் என்ற உளவியலாளர் 1950களில் ஒரு பரிசோதனை செய்தார். ஒரு கோட்டைக் காட்டி, மூன்று கோடுகளில் எது அதே நீளம் என்று கேட்பது, அவ்வளவுதான். குழந்தைப்பிள்ளை சொல்லக்கூடிய விடை. ஆனால் அறையில் இருந்த மற்ற எல்லாரும் அவர் ஏற்பாடு செய்த ஆக்கள், வேண்டுமென்றே பிழையான விடையைச் சொல்வார்கள். உண்மையில் சோதிக்கப்பட்ட அந்த ஒருவர், மூன்றில் ஒரு தடவையளவில் தன் கண்ணையே நம்பாமல் கூட்டத்தோடு சேர்ந்து பிழையைச் சொன்னார். எனக்குப் பிடித்தது அதற்கு அடுத்த பகுதி: இன்னும் ஒரே ஒருவர் சரியான விடையைச் சொன்னால் போதும், இப்படி வளைந்து கொடுப்பது பெருமளவில் குறைந்துவிடுகிறது. படலையடிப் பெடியனுக்குத் தேவைப்பட்டது பதினாறு பேரின் ஆதரவு அல்ல. ஒரே ஒருவர். அந்த ஒருவராக நான் இருந்திருக்கலாம்.

ஆகவே செய்ய வேண்டியது இது. கூட்டம் தொடங்கும்போது ஆளுக்கொரு துண்டுக் கடதாசி கொடுங்கள். கொப்பித்தாளை நாலாகக் கிழித்தால் போதும். விசயத்தைச் சொல்லி, ஐந்து நிமிசம் ஒருவரும் கதைக்காமல் எழுதட்டும். பிறகு வயதில் குறைந்தவரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக வாசிக்க வேண்டும், தலைவர் கடைசி. வாசிக்கும்போது குறுக்கே கதைக்கக்கூடாது, பகிடியும் கூடாது. (பகிடிதான் மோசம். எங்கள் ஊரில் ஒருவரை வாய்மூட வைக்கத் திட்டத் தேவையில்லை, ஒரு நக்கல் போதும், அடுத்த மூன்று கூட்டத்துக்கு அவர் வரமாட்டார்.)

ஏன் கதைக்கமுன் எழுத வேண்டும்? குழுவாக வாய்விட்டு யோசிப்பவர்களைவிட, அதே எண்ணிக்கையானோர் தனித்தனியே எழுதி, பிறகு கூட்டினால் அதிக யோசனைகள் வருகின்றன என்று 1958இலேயே யேல் பல்கலைக்கழகத்தில் செய்து காட்டிவிட்டார்கள். ஒருவர் கதைக்கும்போது மற்றவர் காத்திருக்க வேண்டும், காத்திருக்கிற நேரத்தில் தன் யோசனை மறந்துபோகும், அல்லது "சீ, இது பெரிய விசயமில்லை" என்று தானே வெட்டிவிடுவார். இன்னொன்றும் உண்டு. 1985இல் ஸ்டாசர், டைட்டஸ் என்ற இருவர் காட்டினார்கள்: எல்லாருக்கும் தெரிந்த விசயத்தைத்தான் குழுக்கள் திரும்பத் திரும்பக் கதைக்கின்றன, ஒருவருக்கு மட்டும் தெரிந்தது மேசைக்கே வராமல் போய்விடுகிறது. கிடங்கு தூர்த்த கதை ஒருவனுக்கு மட்டும் தெரிந்தது. பதினேழு பேருக்கும் தெரிந்தது என்ன? மேடை வேண்டும், காசு வந்துவிட்டது, தைப்பொங்கலுக்கு முன் முடிக்க வேண்டும். ஒன்றரை மணித்தியாலம் அதையே கதைத்தோம்.

தலைவரை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று கேட்பீர்கள். கூட்டத்தில் வைத்துக் கேட்காதீர்கள். முதல் நாள் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போங்கள், விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடியுங்கள். "சேர், நீங்கள் முதல் சொன்னால் ஒருத்தரும் பிறகு வாய் திறக்கினம் இல்லை. நீங்கள் எல்லாத்தையும் கேட்டுப்போட்டுக் கடைசியில முடிச்சு வைச்சால்தான் நல்லாயிருக்கும்" என்று சொல்லுங்கள். இது ஏமாற்று இல்லை, உண்மையும் அதுதான். எங்கள் சேர் ஒரு நிமிசம் பேசாமல் இருந்துவிட்டு, "வகுப்பில நானும் அப்படித்தான் செய்தனான், கடைசி வாங்குப் பெடியனைத்தான் முதல் கேக்கிறது" என்றார். அதற்குப் பிறகு எனக்கு அவரோடு ஒரு தொல்லையும் இல்லை. தொல்லை தந்தது உபதலைவர், அது வேறு கதை.

பெண்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஊர்க் கூட்டங்களில் அக்காமார் பின்வரிசையில் இருப்பார்கள், அல்லது தேத்தண்ணி ஊற்றுகிற இடத்தில் நிற்பார்கள், தீர்மானம் எடுக்கிற நேரம் பார்த்துக் கோப்பை கழுவப் போயிருப்பார்கள். 2010இல் அனிதா வூலி என்ற ஆய்வாளரும் கூட்டாளிகளும் 699 பேரைச் சிறு குழுக்களாகப் பிரித்துச் சோதித்தார்கள். குழுவில் ஆகக் கெட்டிக்காரர் யார், சராசரி அறிவு எவ்வளவு என்பவற்றுக்கும் குழு எவ்வளவு நன்றாக வேலை செய்தது என்பதற்கும் பெரிய தொடர்பு இருக்கவில்லை. மற்றவர் முகத்தைப் பார்த்து மனதை விளங்கிக்கொள்ளும் திறன், கதைக்கிற முறை எல்லாருக்கும் பரவலாகக் கிடைப்பது, குழுவில் பெண்கள் கூடுதலாக இருப்பது ஆகியவற்றோடுதான் தொடர்பு இருந்தது. தேத்தண்ணியைக் கூட்டத்துக்கு முன்னமே ஊற்றி வைத்துவிடுங்கள், ஆம்பிளையளே எடுத்துக் குடிக்கலாம். கதிரையை வட்டமாகப் போடுங்கள். இரண்டுக்கும் ஐந்து சதம் செலவில்லை.

"ஏதும் பிரச்சினை இருக்கோ?" என்று கேட்காதீர்கள்

அதற்கு விடை எப்போதும் "இல்லை". கேட்கிற விதத்திலேயே "இல்லை என்று சொல்லு, வீட்ட போவம்" என்பது ஒட்டிக்கொண்டிருக்கிறது.

கரி கிளைன் என்ற ஆய்வாளர் 2007இல் எழுதின ஒரு முறை இருக்கிறது. வேலை தொடங்கமுன், அது ஏற்கெனவே படு தோல்வியில் முடிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு, ஏன் என்று கேட்பது. கந்தோரில் ஒரு கல்யாண மண்டபத்துக்கு முன்பதிவு மென்பொருள் செய்தபோது நான் இதைச் செய்து பார்த்தேன். ஐந்து பேர். "இண்டைக்கு ஆவணி மாசம் எண்டு நினையுங்கோ. மென்பொருள் குடுத்து மூண்டு மாசம். மண்டபக்காரர் எங்கட வாசலில நிண்டு கத்துறார். என்ன நடந்திருக்கும்? எழுதுங்கோ" என்றேன். மூன்று பேர் சேர்வர், இணைய வேகம், கரண்ட் கட் என்று எழுதினார்கள். ஒருவர் காசு தரமாட்டார் என்று எழுதினார், அது எங்கள் தொழிலில் நிரந்தரப் பயம். வேலைக்கு வந்து ஆறு கிழமையான தங்கச்சி ஒருத்தி இப்படி எழுதியிருந்தாள்: "முகூர்த்த நாளில் காலமை ஒரு கல்யாணம், பின்னேரம் வேறு ஒருவரின் சாமத்தியவீடு இருக்கும். நாங்கள் ஒரு நாளுக்கு ஒரு பதிவு என்றுதானே செய்திருக்கிறோம்?"

ஐந்து பேரும் வருசத்துக்குப் பத்துக் கல்யாணத்துக்குப் போகிறவர்கள்தான். மண்டப வாசலில் காலமைக்காரர் வாழையைக் கழற்ற, பின்னேரக்காரர் பலூன் கட்டக் காத்து நிற்பதைக் கண்ணால் கண்டவர்கள்தான். ஒருவருக்கும் ஓடவில்லை. அவளுக்கும் இது முன்னமே தெரியுமாம். "நீங்கள் யோசிச்சுத்தான் செய்திருப்பியள் எண்டு நினைச்சன் அண்ணை" என்றாள். குழுக்களில் உண்மை செத்துப்போவது பெரும்பாலும் இந்த வசனத்தால்தான்.

இந்தக் கேள்வி ஏன் வேலை செய்கிறது? "பிழைக்கும்" என்று சொல்பவர் எங்கள் ஊரில் வாய் ஊறு, கரிநாக்கு. நல்ல காரியம் தொடங்கும்போது அபசகுனமாய்க் கதைக்கிறார் என்பார்கள். "பிழைச்சுப் போச்சு, காரணத்தைக் கண்டுபிடியுங்கோ" என்று நீங்களே சொல்லிவிட்டால், அதே மனிசன் இப்போது உதவி செய்கிறார். பழி உங்களுடையது, கெட்டித்தனம் அவருடையது.

கெட்ட செய்தி வரும்போது உங்கள் முகம்

துண்டு, வட்டம், கேள்வி எல்லாம் செய்தாயிற்று. முதல் தடவை ஒருவர் உண்மையைச் சொல்கிறார். அப்போது நீங்கள் முகத்தைச் சுளித்தால் இதுவரை செய்தது எல்லாம் வீண். ஒரு தடவைதான் கிடைக்கும்.

ஏமி எட்மன்சன் என்ற ஆய்வாளர் 1990களில் அமெரிக்க ஆஸ்பத்திரிகளில் மருந்து கொடுப்பதில் வரும் பிழைகளை ஆராய்ந்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் பிழை குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்துப் போனவருக்கு, கணக்கு தலைகீழாக வந்தது, நல்ல குழுக்களில் பிழை கூட! பிறகுதான் விளங்கியது: அவர்கள் கூடப் பிழை விடவில்லை, விட்ட பிழையைப் பயமில்லாமல் சொல்கிறார்கள். மற்ற இடங்களில் பிழை மூடி மறைக்கப்பட்டது. 2012இல் கூகுள் தன் 180 குழுக்களை ஆராயத் தொடங்கி, கடைசியில் வந்து சேர்ந்ததும் இந்த இடத்துக்குத்தான்: யார் யார் குழுவில் இருக்கிறார்கள் என்பதைவிட, பயமில்லாமல் வாய் திறக்கலாமா என்பது முக்கியம்.

வாய் திறக்க ஏலாமல் போனால் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு ஒரு சம்பவம். 1977 மார்ச் 27, ஸ்பெயினுக்குச் சொந்தமான தெனரீஃப் தீவின் விமான நிலையம், நல்ல மூடுபனி. ஓடுபாதையில் ஒரு 747 மெல்ல ஊர்ந்துகொண்டிருக்கிறது, இன்னொரு 747இன் தலைமை விமானி புறப்பட எத்தனிக்கிறார். அவருடைய பொறியியலாளருக்குச் சந்தேகம், மற்ற விமானம் ஓடுபாதையை விட்டு விலகவில்லையா என்று கேட்டார். தலைமை விமானி தன் நிறுவனத்திலேயே மற்ற விமானிகளைப் பயிற்றுவிக்கிற மூத்தவர். விலகிவிட்டது என்று அடித்துச் சொன்னார். பொறியியலாளர் இரண்டாம் தரம் கேட்கவில்லை. 583 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் விமானிகளுக்கு, மூத்தவரிடம் இரண்டாம் தரமும் கேட்பது எப்படி, மூத்தவர் அதைக் காதுகொடுத்துக் கேட்பது எப்படி என்று தனியாகப் பயிற்சி கொடுக்கத் தொடங்கினார்கள்.

நான் செய்வது சின்ன விசயம். ஒருவர் கெட்ட செய்தி சொன்னால் முதல் வாயால் வருவது "நல்லதாப் போச்சு, இப்பவே சொன்னது" என்றிருக்க வேண்டும் என்று என்னையே பழக்கி வைத்திருக்கிறேன். உள்ளுக்குள் எரிந்தாலும் பரவாயில்லை, அந்த வசனம் முதலில் வெளியே வரவேண்டும். அடுத்தது "எப்ப தெரிஞ்சது?" இல்லை. அது விசாரணை. "இப்ப என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். யார் பிழை என்று பிறகு பார்க்கலாம், பெரும்பாலும் பார்க்கவே தேவைப்படாது.

ஆனால் ஒன்று. பயமில்லாமல் கதைக்கலாம் என்பதற்காக வேலை செய்யாமல் இருக்கலாம் என்று விளங்கிக்கொள்கிற ஆக்களும் உண்டு. அது அடுத்தது.

"பாப்பம்"

யாழ்ப்பாணத்தில் "பாப்பம்" என்றால் இல்லை என்று அர்த்தம். "செய்யலாம்" என்றால் நான் செய்யமாட்டேன் என்று அர்த்தம். "எல்லாருமாச் சேந்து செய்வம்" என்றால் ஒருத்தரும் செய்யப்போவதில்லை, கடைசி நாள் செயலாளர் தனியாக ஓடித் திரிவார் என்று அர்த்தம்.

இதைப் பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது, அதுவும் கயிறிழுப்பில். மக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு விவசாயப் பொறியியலாளர் ஆட்களை இழுக்க வைத்து அளந்து, 1913இல் வெளியிட்டார். எட்டுப் பேர் சேர்ந்து இழுத்தபோது ஒவ்வொருவரும் இட்ட பலம், தனியே இழுத்தபோது இட்டதில் ஏறத்தாழப் பாதி. பாதி நட்டம் எங்கே போனது? ஒரு பங்கு, எல்லாரும் ஒரே கணத்தில் இழுக்காததால். மற்றப் பங்கு, மற்றவன் இழுப்பான்தானே என்பதால். 1974இல் ஒருவரின் கண்ணைக் கட்டி, பின்னால் ஆட்கள் இழுக்கிறார்கள் என்று நம்பவைத்துத் தனியே இழுக்கவிட்டபோதும் அவர் பலத்தைக் குறைத்தார். பின்னால் ஒருவரும் இழுக்கவே இல்லை!

முதல் நட்டத்துக்கு எங்கள் கடற்கரையில் முன்னமே மருந்து கண்டுபிடித்து வைத்திருக்கிறார்கள். கரைவலை இழுக்கும்போது பாடுகிற அம்பா அதற்குத்தான். ஒருவர் அடி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற அந்தக் கணத்தில் எல்லாக் காலும் மணலில் ஒன்றாக ஊன்றும். (இப்போது பல இடங்களில் உழவு இயந்திரத்தில் வின்ச் பூட்டி இழுக்கிறார்கள், அம்பாவும் போய்க்கொண்டிருக்கிறது.) கந்தோரில் எங்களுக்கு அம்பா, காலமை 9.15க்கு நின்றுகொண்டு கதைக்கிற பத்து நிமிசம். நேற்று என்ன, இன்று என்ன, எங்கே இடறுது. இருக்கவிட்டால் நாற்பது நிமிசமாகும், அதனால் கதிரை இல்லை.

இரண்டாவது நட்டத்துக்கு மருந்து பெயர். யார் எவ்வளவு செய்தார் என்று தெரியும் நிலையில் இந்தச் சோம்பல் மறைந்துவிடுகிறது என்று 1981இல் சோதித்துக் காட்டியிருக்கிறார்கள். ஆகவே கூட்டம் முடியமுன் சுவரில் ஒரு பெரிய கடதாசி: என்ன வேலை, ஒரே ஒரு பெயர், திகதி. "மதன் ஆக்கள்" என்று எழுதக்கூடாது. இரண்டு பெயர் எழுதினால் அது ஒருவருக்கும் உரியதில்லை. திகதியும் "அடுத்த கிழமை" என்று இருக்கக்கூடாது, வியாழக்கிழமை என்று இருக்க வேண்டும். நல்லூரில் இருபத்தைந்து நாள் திருவிழாவும் மணி தவறாமல் நடக்கிறது என்று பெருமையாகக் கதைக்கிற நாங்கள், ஐந்து மணிக் கூட்டத்துக்கு ஐந்தே முக்காலுக்கு வருகிறோம். மணி தவறும் என்று தெரிந்தால் யாரும் நேரத்துக்கு வரமாட்டார்கள். நான் இப்போது ஐந்துக்கு மூன்று பேர் இருந்தாலும் தொடங்கிவிடுகிறேன். பிந்தி வருபவருக்கு நடந்ததைத் திருப்பிச் சொல்வதில்லை. இரண்டு மாதம் கோபித்தார்கள், பிறகு வந்தார்கள்.

வெளிநாட்டு அண்ணைமார்

இது எங்கள் ஊர்களுக்கே உரிய சிக்கல். காசு ரொறன்ரோவிலும் லண்டனிலும் இருக்கிறது, கிடங்கு இங்கே இருக்கிறது. காசு அனுப்புகிறவர் படம் பார்த்து முடிவெடுக்கிறார், மாரித் தண்ணி படத்தில் வராது. மேடையை "ரோட்டால போற ஆக்களுக்குத் தெரியிற இடத்தில" கட்டச் சொன்னதும் சூமில் வந்த குரல்தான், அவர்களும் நல்ல மனதோடுதான் சொன்னார்கள்.

நேரத்தைச் சரியாக வையுங்கள் முதலில். எங்களுக்கு இரவு 7.30 என்றால், கோடையில் லண்டனில் பின்னேரம் 3 மணி, ரொறன்ரோவில் காலமை 10 மணி. குளிர்காலத்தில் அவர்களுக்கு ஒரு மணித்தியாலம் முந்தும். ஞாயிற்றுக்கிழமை இதைவிட நல்ல நேரம் இல்லை, மூன்று இடத்திலும் ஒருவரும் தூக்கக் கலக்கத்தில் இருக்கமாட்டார்கள். அப்புறம், முடிவுகளை இரண்டாகப் பிரித்துவிடுங்கள்: எவ்வளவு காசு, எதற்கு என்பதில் அவர்கள் முதலில் கதைக்கட்டும், எங்கே, எப்படி, யாரைக்கொண்டு என்பதில் இங்கே நிற்கிறவர்கள் முதலில். வாட்ஸ்அப் குழுவில் முடிவெடுக்காதீர்கள். அங்கே காலை வணக்கத்துக்கும் முருகன் படத்துக்கும் நடுவில் ஒரு கைவிரல் படம் வந்தால் அது சம்மதமா, பார்த்தேன் என்பதா, தெரியாது. வாட்ஸ்அப் அறிவிப்புக்கு மட்டும்.

முடிந்த பிறகு

விழா முடிந்து, கதிரை அடுக்கி, கிடாரம் கழுவுகிற நேரம்தான் ஆக நல்ல உண்மைகள் வரும். அதைக் கழுவு தண்ணியோடு விட்டுவிடாமல், அடுத்த நாளே அரை மணித்தியாலம் இருங்கள். மூன்று கேள்வி: என்ன நினைத்தோம், என்ன நடந்தது, அடுத்த முறை எதை மாற்றுவது. எழுதி, அந்தக் கொப்பியை அடுத்த வருசத்துக் கூட்டத்தில் முதல் வேலையாக வாசியுங்கள். எங்களிடம் மூன்று வருசக் கொப்பி இருக்கிறது. மூன்றிலும் "ஜெனரேற்றருக்கு டீசல் காணாது" என்று இருக்கிறது. மூன்றாம் வருசம்தான் வாசித்தோம்.

போன மாசம் அந்த மேடையை என்ன செய்வது என்று கூடினோம். ஒன்பது பேர், வட்டமாய்க் கதிரை, துண்டுக் கடதாசி. உடைக்க வேண்டும் என்று நாலு துண்டு, விட்டுவிடலாம் என்று மூன்று. அந்தப் பெடியன், இப்போது அவனே மேசன், வசனம் எழுதவில்லை, படம் கீறியிருந்தான். தண்ணி எந்தப் பக்கத்தால் வருகிறது, எங்கே தேங்குது, ரோட்டு மதகு வரைக்கும் எத்தனை அடி வடிகான் வெட்டினால் மூலையை மட்டும் திருத்தி மேடையைக் காப்பாற்றலாம் என்று அம்புக்குறி போட்டு. சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப்போட்டு இன்னொருக்கால் பார்த்தார். "தம்பி, இதைச் சுவரில பெரிசாக் கீறு" என்று மார்க்கரைக் கொடுத்தார்.

வடிகானுக்குப் பிரதேச சபைக்குக் கடிதம் கொடுக்க வேண்டும். சுவர்க் கடதாசியில் அதற்கு நேரே ஒரே ஒரு பெயர், என்னுடையது, திகதி வெள்ளிக்கிழமை. இன்று வியாழன், கடிதம் இன்னும் எழுதவில்லை.